முழு ஆல்பத்தையும் மேடையில் வாசிக்க: உள்ளூர்க் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இருபது ஹிட் பாட்டுகளைக் கலந்து வாசிக்கும் மெல்லிசைக் கச்சேரி நம் ஊர்க் குழுக்களுக்குக் கைவந்த வேலை. ஒரு படத்தின் பாட்டுகளை ஒன்று விடாமல், ரெக்கார்டில் கேட்டபடியே வாசிப்பது வேறு வேலை. இதற்கு வருகிறவர்கள் கேசட் தேயத் தேயக் கேட்டவர்கள். இன்டர்லூட்டில், அதாவது பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் வாத்தியப் பகுதியில், புல்லாங்குழல் எந்த இடத்தில் மூச்சு எடுக்கும் என்பதுகூட அவர்களுக்கு மனப்பாடம். பல்லவியைச் சரியாகப் பாடிவிட்டு இன்டர்லூட்டைச் சமாளித்தால், முதல் பாட்டிலேயே அரங்கம் உங்களை விட்டுப் போய்விடும்.

ஒரே உதாரணத்தை வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன். ஒரே மாலையில் இரண்டு ஆல்பங்கள்: இடைவேளைக்கு முன் மௌன ராகம் (1986, இளையராஜா), பின் ரோஜா (1992, ஏ.ஆர். ரஹ்மான்). இரண்டும் மணிரத்னம் படங்கள். இடையே ஆறே ஆண்டுகள். ஆனால் வாசிக்கிறவர்களுக்கு இரண்டும் இரண்டு உலகம். அதனால்தான் கற்றுக்கொள்ள நல்ல ஜோடி.

1. நேரக் கணக்கும் பாடகர் கணக்கும்

மேல்நாட்டு ராக் ஆல்பம் ஒன்று பெரும்பாலும் நாற்பது நிமிடம் ஓடும். அதை மட்டுமே வாசித்து ஒரு கச்சேரியை முடிக்கலாம். நம் படப் பாட்டு ஆல்பங்கள் அப்படி இல்லை. மௌன ராகத்தில் ஐந்து பாட்டுகள், மொத்தம் இருபது நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும். ரோஜா அரை மணி நேரத்தை ஒட்டி வரும். ஒரு ஆல்பத்தை மட்டும் அறிவித்துவிட்டு, மீதி ஒரு மணி நேரத்தைக் கண்ட கண்ட பாட்டுகளால் நிரப்புவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அப்புறம் அது வழக்கமான கச்சேரிதான். இரண்டு ஆல்பம் எடுங்கள். நடுவில் இடைவேளை விடுங்கள்.

அடுத்து, யார் எதைப் பாடுவது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மௌன ராகத்தில் இரண்டே குரல்கள்: எஸ்.பி.பி., எஸ். ஜானகி. ரோஜாவில் மின்மினி, சுஜாதா, சித்ரா, உன்னி மேனன், எஸ்.பி.பி., ஹரிஹரன். எழுதிப் பார்த்தால்தான் ஒன்று கண்ணில் படும்: நிலாவே வா, மன்றம் வந்த, பனிவிழும் இரவு, காதல் ரோஜாவே, ருக்குமணி ருக்குமணி என்று ஐந்து பாட்டுகள் எஸ்.பி.பி.யுடையவை. உங்களிடம் அந்தப் பாணியில் பாட ஒருவர்தான் இருக்கிறார் என்றால் அவருடைய தொண்டைதான் அன்றைய கச்சேரி. அவரிடம் முதலில் பேசுங்கள். ஐந்தையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பாடிப் பார்க்கச் சொல்லுங்கள். நான்காவதில் குரல் கம்மினால் ரோஜா பகுதிக்கு இன்னொருவரைத் தேடுங்கள். தேதி குறித்த பிறகு தேடினால் கிடைக்கிறவரைத்தான் போட வேண்டியிருக்கும்.

2. அனுமதி: மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்

மேடையில் நீங்களே வாசித்துப் பாடினாலும் மெட்டுக்கும் வரிக்கும் உரிமைக்காரர்கள் உண்டு. இந்தியாவில் இந்த வகை உரிமம் கொடுக்கும் முக்கிய அமைப்பு ஐ.பி.ஆர்.எஸ். உங்கள் பாட்டுப் பட்டியலை அனுப்பி, இந்தப் பாட்டுகள் எல்லாம் உங்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பாட்டின் உரிமையாளரைத் தனியாக அணுக வேண்டும். 2017இல் எஸ்.பி.பி. அமெரிக்காவில் கச்சேரிச் சுற்றில் இருந்தபோது, தன் பாட்டுகளை அனுமதியில்லாமல் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து அவருக்கே வக்கீல் நோட்டீஸ் போனது. உள்ளூர்க் குழுதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவில், பணம் கொடுக்காத பார்வையாளர்களுக்கு அமெச்சூர் சங்கங்கள் நடத்தும் நிகழ்ச்சிக்கு விலக்கு இருக்கிறது. டிக்கெட் போட்டால் அந்த விலக்கு கிடையாது. அசல் பதிவிலிருந்து ஒரு துண்டை ஒலிபரப்பினாலும் கணக்கு மாறும். அது ஒலிப்பதிவின் உரிமை, மெட்டின் உரிமையிலிருந்து தனியானது.

திறந்த மைதானம் என்றால் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும். ஆறரைக்குத் தொடங்கத் திட்டமிட்டு ஏழரைக்குத் தொடங்குவது நம் வழக்கம். அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

3. எல்லோருக்கும் ஒரே பதிவு

சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் நான் பார்த்த குழப்பங்களில் பாதி இங்கேதான் தொடங்கின. ஒரே பாட்டுக்கு இணையத்தில் பல பதிவுகள் கிடக்கின்றன: எல்.பி.யிலிருந்து எடுத்தது, கேசட்டிலிருந்து எடுத்தது, பின்னால் மெருகேற்றியது, படத்தில் வரும் வெட்டிய வடிவம். கேசட்டிலிருந்து எடுத்ததில் டேப் வேகம் கொஞ்சம் கூடக் குறைய ஓடியிருக்கும். சுருதி கால் கட்டை (கட்டை என்றால் சுருதியின் உயரம்) ஏறியோ இறங்கியோ நிற்கும்.

எங்கள் முதல் முயற்சியில் மூன்று பேர் மூன்று பதிவுகளை வைத்துப் பழகி வந்தார்கள். முதல் ரிகர்சலில் இரண்டு மணி நேரம், யார் சுருதி தப்பு என்ற வாக்குவாதத்திலேயே போயிற்று. யாருமே தப்பு இல்லை.

அதனால் ஒருவர் பொறுப்பெடுத்து ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பதிவைத் தேர்ந்தெடுங்கள். டியூனரில் சுருதியைப் பாருங்கள். விலகியிருந்தால் சரி செய்து, அந்தக் கோப்பையே எல்லோருக்கும் அனுப்புங்கள். பாட்டு வரிசையும் வெளியீட்டுக்கு வெளியீடு மாறும். எந்த வரிசை உங்களுடையது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஒரு எச்சரிக்கை: இந்த இரண்டு ஆல்பத்திலும் 'சின்னச் சின்ன' என்று தொடங்கும் பாட்டு உண்டு. பட்டியலில் 'குயில்', 'ஆசை' என்று எழுதுங்கள். 'சி.சி.' என்று சுருக்கினால் மேடையில் கீபோர்டுக்காரர் தப்பான டோனைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார்.

4. கேட்டு எழுதுதல்

மொத்த உழைப்பில் பாதியை இங்கே போடுங்கள். இருபது விநாடி இன்டர்லூட் ஒன்றை ஒழுங்காக எழுத எனக்கு ஒரு மாலை முழுக்கத் தேவைப்பட்டிருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ரிகர்சலில் பத்துப் பேரை உட்கார வைத்துக்கொண்டு அந்த இருபது விநாடியைத் தேடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஹெட்ஃபோனில் முதலில் இடது காதை மட்டும், பிறகு வலது காதை மட்டும் கேளுங்கள். ஸ்டீரியோவில் வயலின்களும் கிட்டாரும் பக்கம் பிரிந்து நிற்கும் இடங்களில், இரண்டும் கலந்து கேட்கும்போது பிடிபடாத வரி தனியாகக் கேட்கும். அடுத்து, ஒலித்திருத்த மென்பொருளில் இடது பக்கத்திலிருந்து வலதைக் கழித்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் குரல் பெரும்பாலும் மறைந்து, குரலுக்குப் பின்னால் ஓடும் வயலின்கள் மேலே வரும்.

குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியாகப் பிரித்துத் தரும் செயலிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. பேஸ் கிட்டாரைக் கேட்க அவை அருமை. 'மன்றம் வந்த' பாட்டில் பேஸ் என்ன செய்கிறது என்பதைப் பிரித்துக் கேட்ட நாளில் எங்கள் பேஸ் கிட்டார் தம்பி அரை மணி நேரம் பேசவே இல்லை. ஆனால் வயலினையும் கீபோர்டையும் அந்தச் செயலிகள் ஒன்றாகக் குழப்பிவிடும். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) எழுத அவற்றை நம்பாதீர்கள், காதால் எழுதுங்கள்.

எழுதும் தாள் எளிமையாக இருக்கட்டும். இடது ஓரத்தில் பதிவின் நிமிடம், விநாடி. அடுத்து எத்தனை பார் (தாளக் கட்டம்). அடுத்து யார் முன்னால் வாசிக்கிறார். அடுத்து அடியில் என்ன ஓடுகிறது. வயலின்காரர்களுக்கு ஸ்டாஃப் நொட்டேஷனோ ஸ்வரமோ, அவர்கள் எதை வாசிப்பார்களோ அதில் கொடுங்கள். பாடகருக்கு வரியோடு, சரணத்துக்கு முன் எத்தனை பார் காத்திருக்க வேண்டும் என்பதும் வேண்டும். இன்டர்லூட் முடிந்து பாடகர் அரைத் தாளம் முந்தி எடுப்பதுதான் மேடையில் அதிகம் நடக்கும் விபத்து. அவர் எண்ணாமல், நினைவை நம்பி நிற்பதுதான் காரணம்.

5. டெம்போவை அளந்த பிறகு கிளிக்கை முடிவு செய்யுங்கள்

பாட்டின் தொடக்கத்திலும் கடைசிச் சரணத்திலும் தனித்தனியாக டெம்போவை, அதாவது வேகத்தை, அளந்து பாருங்கள். வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவான காலத்துப் பாட்டுகள் கொஞ்சம் மூச்சு விடும். சரணத்தில் சற்று முன்னே போய்ப் பல்லவியில் திரும்பும். அதைக் கிளிக்கில் (ஒரே வேகத்தில் காதில் தட்டிக்கொண்டிருக்கும் ஒலி) கட்டிப்போட்டால் ஸ்வரம் எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு விறைத்துப்போகும். மௌன ராகத்துக்கு டிரம்ஸ்காரர் நான்கு எண்ணித் தொடங்கிவைத்தால் போதும்.

ரோஜா அப்படி இல்லை. ரஹ்மான் தன் வீட்டோடு சேர்ந்த பஞ்சதன் ஸ்டூடியோவில் ஒவ்வொரு ஒலியாக அடுக்கிச் செய்த இசை. புரோகிராம் செய்த தாளம் துல்லியமாக நிற்கும். இங்கே டிரம்ஸ்காரர் காதில் கிளிக் அவசியம்.

டிராக் (முன்பே பதிவு செய்த இசை) போடலாமா என்ற கேள்வி இங்கே வரும். என் கருத்து இது: பின்னணியில் ஓடும் தாளத் துணுக்குகளை நீங்களே செய்து ஆக்டோபேடில் (தட்டினால் பதிந்த ஒலி எழுப்பும் மின்னணுத் தாளக் கருவி) ஏற்றிக்கொள்ளலாம். மெட்டு வாசிக்கும் எந்த வரியையும் டிராக்கில் விடாதீர்கள். மனிதர்கள் வாசிப்பதைக் கேட்கத்தான் மக்கள் வருகிறார்கள். புல்லாங்குழல்காரர் சும்மா நிற்கும்போது புல்லாங்குழல் ஒலித்தால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும்.

6. வரிகளைப் பங்கிடுதல்

ஸ்டூடியோவில் வரிசையாக உட்கார்ந்து வாசித்த வயலின்கள் உங்களிடம் இருக்கப்போவதில்லை. எங்களிடம் இருந்தது பத்துப் பேர்: இரண்டு கீபோர்டு, ஒரு கிட்டார், ஒரு பேஸ், இரண்டு வயலின், புல்லாங்குழல், தபலா, டிரம்ஸ், ஆக்டோபேட். இது போதும், ஆனால் பங்கிடுவதில் கவனம் வேண்டும்.

இளையராஜாவின் வயலின் எழுத்தில் மேல் வரி ஒன்று சொல்ல, கீழ் வரி அதற்குப் பதில் சொல்லும். மேல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டு கீழே வெறும் கார்டைப் பிடிப்பதுதான் பெரும்பாலான குழுக்கள் செய்வது. பாட்டு மெலிந்து ஒலிக்கக் காரணம் அதுவே. இரண்டு உண்மையான வயலினுக்கும் மேல் இரண்டு வரிகள். வயோலா, செல்லோ வரிகள் முதல் கீபோர்டின் இடது கைக்கு. அதே கீபோர்டில் மெல்லிய வயலின் டோனை மேல் வரிக்கு அடியிலும் கொடுக்கலாம், ஆனால் சத்தம் குறைவாக. உண்மையான வயலினும் கீபோர்டு வயலினும் ஒரே வரியை ஒரே சத்தத்தில் வாசித்தால் சுருதி உரசும். வில்லின் ஓசை மேலே இருந்தால் அடியில் இருப்பது கீபோர்டு என்று யாருக்கும் தோன்றாது.

டோன் மாற்ற எவ்வளவு நேரம் இருக்கிறது என்றும் தாளில் குறியுங்கள். அரை பாருக்குள் மாற்ற வேண்டியிருந்தால் அந்த வரியை இரண்டாவது கீபோர்டுக்குத் தள்ளுங்கள். வேகமாக அழுத்திப் பழகிக்கொள்வேன் என்று சொல்வார்கள். விடாதீர்கள், மேடையில் வியர்த்த விரல் வழுக்கும்.

7. கட்டையைப் பூட்டுங்கள்

அசல் கட்டையிலேயே பாட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் இறக்கலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கட்டை இறக்கினால் யார் யாருக்கு என்ன வேலை கூடுகிறது என்று புதியவர்கள் யோசிப்பதில்லை.

புல்லாங்குழல்காரர் வேறு கட்டைக் குழலை எடுக்க வேண்டும். தபலாவின் வலது பக்கத்தை மறுபடி சுருதி சேர்க்க வேண்டும், அல்லது இன்னொன்று கொண்டுவர வேண்டும். கிட்டாரில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் ஏற்றத்தான் முடியும். இறக்கினால் விரல் நிலையே மாறும். திறந்த தந்தியில் ஒலித்த மினுமினுப்பு போய்விடும். கீபோர்டுக்காரருக்கு மட்டும் ஒரு பொத்தான் போதும், ஆபத்தும் அந்தப் பொத்தானில்தான். ஒரு கச்சேரியில் முந்தைய பாட்டுக்கு அழுத்திய டிரான்ஸ்போஸ் (கட்டையை மாற்றும் அந்தப் பொத்தான்) அப்படியே இருக்க, அடுத்த பாட்டு இரண்டு கட்டைகளில் ஒன்றாகத் தொடங்கியது. நிறுத்தி மறுபடி தொடங்கினோம். முடிந்தால் மாற்றிய கட்டையிலேயே விரலில் பழகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டிரான்ஸ்போஸையும் சேர்த்து அந்தப் பாட்டின் டோனாகச் சேமிக்கச் சொல்லுங்கள்.

ஆக, ரிகர்சலுக்கு முன் பாடகர்களை ஒரு கீபோர்டோடு மட்டும் உட்கார வைத்துக் கட்டையை முடிவு செய்யுங்கள். பாட்டின் உச்ச வரியைப் பாடிப் பார்த்து முடிவு செய்யுங்கள். பல்லவி எல்லோருக்கும் எட்டும்.

பாடகர்களுக்கு ஒன்று: ஜானகியம்மா குரலைப் போலச் செய்ய வேண்டாம். எந்த இடத்தில் மூச்சு, எந்தச் சொல்லில் அசைவு, எங்கே குரலை ஒதுக்குகிறார் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.

8. ரிகர்சல் வரிசை

எல்லோரையும் முதல் நாளே கூட்டாதீர்கள். தாளம், பேஸ், கிட்டார் மூவகையும் முதலில். பேஸும் டிரம்ஸும் ஒட்டாமல் மேலே எதைக் கட்டினாலும் ஆடும். அடுத்து வயலின், புல்லாங்குழல், கீபோர்டு தனியாக. பாடகர்களும் கோரஸும் தனியாக. ருக்குமணி பாட்டின் கோரஸைக் கடைசி நேரத்தில் யாரையாவது நிற்க வைத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள். அந்தக் கும்மாளம் இல்லாவிட்டால் பாட்டே இல்லை. மூன்றாவது வாரம்தான் எல்லோரும் சேர வேண்டும்.

சேர்ந்த பிறகு முதலில் இன்டர்லூட்டுகளை மட்டும் வாசியுங்கள். சரணத்தின் கடைசி வரி, இன்டர்லூட், அடுத்த சரணத்தின் முதல் வரி; அவ்வளவுதான், திரும்பத் திரும்ப. பல்லவியிலிருந்து ஒவ்வொரு முறையும் தொடங்கினால் பல்லவி மட்டும் பழகும்.

கடைசி இரண்டு ரிகர்சல்களில் ஆல்பத்தை நிறுத்தாமல் ஓட்டுங்கள். தவறு வந்தாலும் நிறுத்தக்கூடாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் குழல் மாற்ற, கேப்போ போட, தபலா சேர்க்க எத்தனை விநாடி ஆகிறது என்று ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். அரை நிமிடம் தாண்டும் இடத்தில் மட்டும் அறிவிப்பாளர் பேசட்டும். மற்ற இடங்களில் பேச்சு வேண்டாம். அடுத்த பாட்டின் முதல் ஒலிக்காகக் காத்திருக்கும் அந்த மௌனம்கூட ஆல்பத்தில் சேர்ந்ததுதான். மௌன ராகத்தின் பி.ஜி.எம். வாசிக்க ஆசையாக இருந்தால் முதல் பாட்டுக்கு முன்னால் வாசியுங்கள், நடுவில் செருகாதீர்கள்.

9. சவுண்ட்

எங்கள் பத்துப் பேருக்கும் நான்கு பாடகர் மைக், இரண்டு கோரஸ் மைக் சேர்த்து 24 இன்புட் தேவைப்பட்டது. மைக் செட் அண்ணனிடம் 'ஆர்கெஸ்ட்ரா' என்று மட்டும் சொன்னால் 16 சேனல் மிக்ஸரோடு வந்து நிற்பார். தப்பு அவருடையது இல்லை. இன்புட் பட்டியலும் மேடையில் யார் எங்கே என்ற படமும் ஒரு வாரம் முன்பே கொடுங்கள். கீபோர்டு, பேஸ் எல்லாவற்றுக்கும் டி.ஐ. பாக்ஸ் (வாத்தியத்தை மிக்ஸரோடு நேராக இணைக்கும் பெட்டி) கேளுங்கள், இல்லாவிட்டால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் முழு மாலையும் கூடவே வரும்.

வயலினையும் புல்லாங்குழலையும் டிரம்ஸுக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். அந்த மைக்கில் டிரம்ஸின் சிம்பல் தட்டுதான் முதலில் விழும். வயலினைக் கூட்டக் கூட்ட மைக் கத்தும். டிரம்ஸ் ஒரு மூலை, வயலின் எதிர் மூலை.

சவுண்ட் செக்கில் டிரம்ஸ், பேஸ், தபலா, கிட்டார், கீபோர்டு, வயலின், குழல், கடைசியாகக் குரல். எல்லோரும் சேர்ந்து வாசிக்க எடுத்துக்கொள்ளும் பாட்டு அன்றைய பட்டியலிலேயே நெரிசலானதாக இருக்கட்டும். மெல்லிய பாட்டில் மானிட்டரை (மேடையில் இருப்பவர்களுக்கான ஸ்பீக்கர்) சரி செய்துவிட்டு ருக்குமணிக்கு வந்தால் பாடகருக்குத் தன் குரலே கேட்காது.

மிக்ஸர் பக்கத்தில் உங்கள் ஆள் ஒருவர் தாளோடு உட்கார வேண்டும். "அண்ணே, அடுத்த நாலு பார் புல்லாங்குழல்" என்று சொல்ல ஒருவர் இருந்தால், இரண்டு வாரம் பழகிய பிட் கேட்காமல் போகாது.

10. அன்று மாலையும் மறுநாளும்

தாள்களைக் காற்று தூக்கும், கிளிப் கொண்டுபோங்கள். குழல்காரருக்கும் வயலின்காரர்களுக்கும் ஏ.சி. நேராக முகத்தில் அடிக்கும் இடம் வேண்டாம், சுருதி நகரும். இடைவேளையில் டியூனர் எல்லோர் கைக்கும் போகட்டும். ரோஜா தொடங்கும் முன் கீபோர்டுக்காரர்கள் டிரான்ஸ்போஸ் எண்ணை வாய்விட்டுச் சொல்லட்டும்.

மிக்ஸரிலிருந்து பதிவு எடுத்தால் அது குழுவின் காதுக்கு. அதை யூடியூபில் ஏற்றுவதற்கு மேடை உரிமம் செல்லாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

வாத்தியக்காரர்கள் உறைகளை மூடும் முன் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். மறுநாள், நினைவு மங்குவதற்குள், பதிவைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு தாளிலும் சிவப்பு மையில் திருத்துங்கள்: எந்த பாரில் முந்தினோம், எந்த டோன் ஒட்டவில்லை, எந்தக் கட்டை பாடகருக்கு இன்னும் அரை இறங்கியிருக்கலாம். திருத்திய தாளைப் படம் எடுத்துக் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, பழைய தாளைக் கிழித்துப் போடுங்கள். இரண்டும் இருந்தால் அடுத்த ரிகர்சலுக்கு யாராவது ஒருவர் பழையதைத்தான் எடுத்து வருவார்.